கொழும்புக் கடிதமும் இணைக்கணினியும்

எங்கள் ஊர் நாட்டரசன்கோட்டையில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைத் தாண்டிப் போகும்போது எனக்கு ஒரு கணக்குப்பிள்ளை ஞாபகம் வருவார். (யார் அவர் என்று கேட்காதீர்கள், என் கற்பனைதான் :-))

அவருடைய முதலாளிக்கு ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று மூன்று கடைகள். வரும் கடிதங்களைத் தேதி வரிசையில் பேரேட்டில் ஏற்ற வேண்டும். ரங்கூனிலிருந்து 5ஆம் தேதிக் கடிதம் வந்தாச்சு. பினாங்கிலிருந்து 9ஆம் தேதிக் கடிதமும் வந்தாச்சு. கொழும்பிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. 5ஆம் தேதியை எழுதிவிடலாமா? எழுதிய பிறகு கொழும்பிலிருந்து 3ஆம் தேதிக் கடிதம் வந்தால்?

நிகழ்வுகளை வைத்துச் செய்யும் சிமுலேஷனைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது வந்த சிக்கல் இதுதான். விமான நிலையமோ தொலைபேசி இணைப்பகமோ, ஒரே கணினி என்றால் எல்லா நிகழ்வுகளும் ஒரே பட்டியலில் இருக்கும், முந்தையதை எடுத்தால் போதும். பிரித்துவிட்டால் பொதுப் பட்டியலும் இல்லை, பொதுக் கடிகாரமும் இல்லை. சும்மா காத்திருக்கலாம் என்றால், கொழும்பு பினாங்குக்காகவும், பினாங்கு ரங்கூனுக்காகவும், ரங்கூன் நமக்காகவும் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு!

1979ல் இதற்கு ஒரு வழியை எழுதியவர்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் (ஆஸ்டின்) இருந்த இருவர். ஒருவர் மணி சாண்டி, 1965ல் சென்னை ஐஐடியில் படித்து முடித்தவர். இன்னொருவர் ஜெயதேவ் மிஸ்ரா, கான்பூர் ஐஐடிக்காரர். ராண்டல் பிரையன்ட் இதே யோசனையை 1977லேயே எம்ஐடியில் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். அதனால் இப்போது மூவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். அதுதான் நியாயம்.

யோசனை ரொம்ப எளிமை. சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் கடிதம் போடு! "இங்கே இன்று தேதி 6. எந்த வேலைக்கும் எங்களுக்குக் குறைந்தது இரண்டு நாள் ஆகும். ஆகவே 8க்கு முந்தைய தேதியில் எங்களிடமிருந்து எதுவும் வராது." இது கையில் கிடைத்தால் கணக்குப்பிள்ளை தைரியமாக 5ஐ எழுதலாம். இதற்கு 'வெற்றுச் செய்தி' என்று பெயர். ஆனால் அந்த இரண்டு நாள் இரண்டு நிமிஷமாகச் சுருங்கினால்? வெற்றுக் கடிதம் மூட்டை மூட்டையாக வந்து குவியும். 1981ல் சாண்டியும் மிஸ்ராவுமே வேறு வழி எழுதினார்கள்: வெற்றுக் கடிதம் வேண்டாம், எல்லாரும் முடங்கும் வரை ஓடட்டும், முடங்கியதைக் கண்டுபிடித்து அவிழ்த்துவிடலாம்.

டேவிட் ஜெஃபர்சன் நேர் எதிர்ப்பக்கம் போனார். 1985ல் வெளியான அவர் கட்டுரைப்படி, காத்திருக்கவே வேண்டாம், எழுதிக்கொண்டே போ. பழைய தேதிக் கடிதம் வந்தால் அதுவரை பின்னால் போய் அடித்துத் திருத்து. தப்பாக அனுப்பிய கடிதங்களைத் துரத்திப் பிடித்து ரத்துசெய்ய எதிர்க்கடிதம் அனுப்பு. எந்தக் கணக்குப்பிள்ளையும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்கும் முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

ஆனால் 2013ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்து செக்கோயா கணினியில் 19,66,080 கோர்களில் ஓடி, நொடிக்கு 50,400 கோடி நிகழ்வுகளை முடித்தது இந்த 'அடித்துத் திருத்தும்' முறைதான். கட்டுரை எழுதியவர்களில் ஜெஃபர்சனும் ஒருவர். ஓட்டியது சோதனைக்கென்றே செய்த மாதிரி, நிஜ விமான நிலையம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.