லாம்டா எங்கே போயிற்று? பளிங்கு நத்தை நஞ்சின் பெயர் வரலாறு

சிங்கப்பூரின் துவாஸ் உயிர்மருத்துவப் பூங்காவில் நோவார்ட்டிஸ், ஃபைசர், லோன்சா எனப் பெரிய நிறுவனங்களுக்கு ஆலைகள் உண்டு. அங்கே தயாராகும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை வேறு நாட்டு ஆய்வுக்கூடங்களில் பிறந்தவை. இதே தீவின் கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானியத் துணையுடன் கூம்பு நத்தை நஞ்சிலிருந்து பிரித்தெடுத்து 2000இல் அறிவித்த மூன்று பெப்டைடுகள் மட்டும் துவாஸ் வரை வரவில்லை. மருந்தாகாமல் போவது பல மூலக்கூறுகளுக்கும் நேர்வதுதான். ஆனால் அவற்றுக்குச் சூட்டிய பெயரும் நிலைக்கவில்லை. இக்கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியது.

கூம்பு நத்தை நஞ்சின் பொதுக் கதை வாசகர் அறிந்ததே: கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைடு 2004 டிசம்பரில் அமெரிக்காவில் வலி மருந்தாக அனுமதி பெற்றது. இங்கே பேசப்படுவது வேறோர் இனம், பளிங்குக் கூம்பு நத்தை. கருநிறத்தில் வெள்ளை முக்கோணங்கள் பதித்தாற்போன்ற ஓடு. மற்ற நத்தைகளை வேட்டையாடித் தின்னும்.

பாலாஜி முதலாசிரியராகவும் கோபாலகிருஷ்ணகோன், கினி முதலியோர் உடனாசிரியர்களாகவும் எழுதிய கென்ட் ரிட்ஜ் குழுவின் கட்டுரை, 2000 டிசம்பரில் ‘ஜர்னல் ஆஃப் பயோலாஜிகல் கெமிஸ்ட்ரி’ இதழின் 275ஆம் தொகுதியில் வந்தது. சிஎம்ஆர்-6ஏ, சிஎம்ஆர்-6பி, சிஎம்ஆர்-எக்ஸ் என்ற மூன்று பெப்டைடுகளிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நான்கு இடங்களில் உண்டு. கூம்பு நத்தை நஞ்சின் முன்பே அறியப்பட்ட குடும்பமான ஆல்ஃபா கோனோடாக்சின்களில் ஒன்றாம் சிஸ்டீன் மூன்றாவதோடும், இரண்டாவது நான்காவதோடும் கைகோத்திருக்கும். இவற்றிலோ ஒன்றும் நான்கும், இரண்டும் மூன்றும். சங்கிலி ரிப்பன்போல் நீள்கிறது. இந்தப் புதிய மடிப்பை வைத்தே அவர்கள் குடும்பத்துக்கு ‘லாம்டா’ என்று பெயரிட்டார்கள். 6ஏ-யை இரு மடிப்பிலும் செயற்கையாகச் செய்து எலிமூளையில் செலுத்தியபோது, லாம்டா மடிப்பு ஆல்ஃபா மடிப்பைவிட ஏறத்தாழ 1,150 மடங்கு வீரியத்தோடு வலிப்பை உண்டாக்கியது.

பிரிஸ்பேன் நகரிலிருந்து ஷார்ப், லூயிஸ் குழு 2001இல் ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை வேறு வழியில் போயிற்று. அதே நத்தையின் எம்ஆர்-1ஏ, எம்ஆர்-1பி என்ற பெப்டைடுகள் நோரட்ரினலின் கடத்தியைத் தடுப்பதைக் காட்டி, அந்த இலக்கை வைத்து ‘கை’ என்ற கிரேக்க எழுத்தைச் சூட்டியது. பின்வந்த தொகுப்புரைகள் பலவும் லாம்டாவைக் கை-க்குள் அடக்கிவிட்டன. மருந்து தேடுவோருக்கு இலக்கு முக்கியம் என்பதில் ஐயமில்லை. எம்ஆர்-1ஏ-யிலிருந்து உருவான ஸென்2174 மனிதச் சோதனை வரை சென்றது, மருந்தாகவில்லை. ஆனால் ஓர் இலக்கின் பெயரைக் குடும்பம் முழுவதற்கும் நீட்டுவது வேறு செயல். இக்கட்டுரை மறுப்பது அதைத்தான்.

முதல் சான்று சிஎம்ஆர்-எக்ஸ். ஸென்2174 கடத்தியைப் பற்றிக்கொள்ளும் இடம் முதல் வளையத்திலுள்ள டைரோசின், லைசின், லூசின் என்ற வரிசை என்று பிரிஸ்பேன் குழுவே 2009இல் காட்டியது. சிஎம்ஆர்-எக்ஸில் அதே இடத்தில் வாலின், செரின், ஃபீனைலலனின் நிற்கின்றன. எலியில் அதன் விளைவும் வலிப்பன்று, தசை தளர்ந்த முடக்கம். பற்றும் கொக்கியே மாறிய ஒன்றைக் கை என்று அழைப்பது பொருந்தாது. மடிப்பு மூன்றுக்கும் பொது.

இரண்டாவது சான்று யூட்டாவிலிருந்து. மெக்கின்டோஷ் குழு 2000 அக்டோபரில், அதே 275ஆம் தொகுதியில், எம்ஆர்10ஏ என்ற பெப்டைடை அறிவித்தது. அதன் அமினோ அமில வரிசை 6பி-யினுடையதே, எம்ஆர்-1ஏ-யும் அதுவே. தண்டுவடத்தில் செலுத்தியபோது அது வலியைத் தணித்தது. கவனிக்க வேண்டியது, அவர்களும் புதிய குடும்பம் என்று அறிவித்தது சிஸ்டீன் இணைப்பை வைத்துத்தான். தனித்தனியே உழைத்த இரு ஆய்வுக்கூடங்கள் மடிப்பையே அடையாளமாகக் கண்டன. எது முந்தியது என்று அச்சான மாதத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. பிரித்தெடுத்த நாள் வேறு, அச்சேறிய நாள் வேறு.

இனி 6ஏ என்ற வேறுபாடம். வாலின், சிஸ்டீன், சிஸ்டீன், கிளைசின், டைரோசின், லைசின், லூசின், சிஸ்டீன், ஹிஸ்டிடின், ஹைட்ராக்ஸிபுரோலின், சிஸ்டீன்: பதினோரு அலகுகள். இதன் தலையில் ஆஸ்பரஜின், கிளைசின் இரண்டையும் சேர்த்தால் அப்படியே 6பி. சுவடி படிப்போருக்கு இந்த நிலை பழக்கமானது: முதற்சீர் உதிர்ந்த பிரதியா, அல்லது அப்படியே எழுதப்பட்ட தனிப்பாடமா?

உதிர்ந்தது என்று வாதிட இடமுண்டு. தலையிலுள்ள ஆஸ்பரஜின் நிலையற்றது. ஸென்2174-இல் அந்த இடத்தில் பைரோகுளூட்டமிக் அமிலம் வைக்கப்பட்டது. நஞ்சைப் பிரிக்கும்போதே இரண்டு அலகுகள் கழன்றிருக்கலாம். ஆனாலும் நத்தையே வெட்டியது என்ற பக்கமே இக்கட்டுரை சாய்கிறது. இதே இனத்தின் நஞ்சை ஆராய்ந்து 2013இல் டுடெர்ட்ரே, லூயிஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, 105 முன்னோடி வரிசைகளிலிருந்து மிகப் பல பெப்டைடுகள் பிறப்பதைக் காட்டியது. ஒரே முன்னோடியை நத்தை பல இடங்களில் நறுக்குவதே அதற்கு ஒரு முக்கிய வழி. அந்த ஆய்வு 6ஏ-யைத் தனியே தீர்த்துவைக்கவில்லை. சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் ஒன்று உறுதி. அந்த 1,150 மடங்கு வேறுபாடு கிடைத்தது தலையற்ற 6ஏ-யில்தான். எலியை வலிப்புக்கு உள்ளாக்க அந்த இரண்டு அலகுகள் தேவைப்படவில்லை, மடிப்பு தேவைப்பட்டது.

வருத்தம் தரும் செய்தி, கென்ட் ரிட்ஜே பாதி விட்டுக்கொடுத்தது. எந்த அமைப்புக் கூறுகள் இந்த மடிப்பைத் தீர்மானிக்கின்றன என்று ஆராய்ந்து கினியின் குழு 2007இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘கை/லாம்டா’ என்று சாய்கோடு போட்டிருக்கிறது. அந்தச் சாய்கோடாவது மிஞ்ச வேண்டும். தமிழில் இந்தப் பெப்டைடுகளைப் பற்றி எழுதுவோரும் கற்பிப்போரும் லாம்டா என்ற பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும். சிஎம்ஆர்-எக்ஸுக்கு அதை மட்டுமே எழுத வேண்டும்.