எடியகாராவின் இழுதுமீன்கள்

புதைபடிவம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? சங்கு, சிப்பி, எலும்பு, பல். கெட்டியான உறுப்புகள்தாம் கல்லில் எளிதாக நிலைக்கும். கரையொதுங்கிய இழுதுமீனோ ஒரு பகல் வெயிலைக்கூடத் தாங்காது. அத்தகைய உடல் பாறையில் பதிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தது என்றால் நம்புவீர்களா? ரெஜினால்டு ஸ்பிரிக் சொன்னபோது பெரும்பாலோர் நம்பவில்லை.

ஸ்பிரிக், தெற்கு ஆஸ்திரேலிய அரசின் உதவி நிலவியலார். 1946-இல் அவருக்கு வயது 27. ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் எடியகாரா குன்றுகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களை மீண்டும் தோண்டினால் இலாபம் உண்டா என்று பார்த்துவர அரசு அவரை அனுப்பியது. பகலுணவு வேளையில், அங்கிருந்த மணற்பாறைப் பலகைகளில் வட்ட வட்டமான அச்சுகளைக் கண்டார்.

இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? உயிரினப் படிவங்கள் மலிந்த மிகப் பழைய பாறை அடுக்குக்குக் கீழே ஏன் எதுவும் கிடைக்கவில்லை என்பதற்குத் தம்மிடம் நிறைவான விடை இல்லை என்று டார்வினே 1859-இல் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அடுக்கே பின்னர் கேம்பிரியன் எனப்பட்டது. அதற்கு முன் உயிர்த்தடமே இல்லை என்பது காலப்போக்கில் பாடநூல் முடிவாகவும் உறைந்துவிட்டது.

ஸ்பிரிக்கின் கட்டுரையை 'நேச்சர்' இதழ் ஏற்கவில்லை. 1948-இல் இலண்டனில் கூடிய உலக நிலவியல் மாநாட்டிலும் யாரும் பொருட்படுத்தவில்லை. இயற்கையாக விழுந்த வெறும் கல் வடுக்கள் என்றனர் சிலர். ஸ்பிரிக்கும் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். பாறையின் வயது தொடக்கக் கேம்பிரியன் என்றே கருதினார். ஆனால் 1947-இல் வெளியிட்ட கட்டுரைத் தலைப்பில் அதனருகே ஒரு கேள்விக்குறியும் இட்டார். அந்தக் கேள்விக்குறியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

திருப்பம் இங்கிலாந்திலிருந்து வந்தது. சார்ன்வுட் காட்டுப் பாறைகள் கேம்பிரியனுக்கு முந்தியவை என்பதில் ஐயமில்லை. 1956-இல் அங்கே இறகு வடிவப் படிவம் ஒன்றைக் கண்ட 15 வயது மாணவியிடம், அந்தப் பாறைகளில் படிவமே இராது என்று அவளுடைய ஆசிரியர் கூறிவிட்டாராம். ஆசிரியனான எனக்கு இதைப் படித்தபோது சுருக்கென்றது. மறு ஆண்டே ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவர் அதையே கண்டார். இம்முறை பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். அதே வகை எடியகாராவிலும் இருப்பதை அடிலெய்டுப் பேராசிரியர் மார்ட்டின் கிளெஸ்னர் எடுத்துக்காட்டினார். ஸ்பிரிக்கின் பாறைகளும் கேம்பிரியனுக்கு முந்தியவையே என்பது உறுதியாயிற்று.

மென்மையான உடல் எப்படிப் பதிந்தது? அன்றைய கடலடியில் நுண்ணுயிர்ப் படலம் பாய்போல் விரிந்திருந்தது. மேலே மணல் மூடியபோது, உடல் அழுகுமுன் அதன் வடிவம் மணலில் இறுகிவிட்டது. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் படும்போது, ஈர மண்ணில் கோழிக்கால் தடம்போல, அவ்வச்சுகள் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.

ஸ்பிரிக் 1994-இல் மறைந்தார். 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி கேம்பிரியன் வரை நீண்ட காலத்துக்கு 2004-இல் எடியகாரன் எனப் பெயர் சூட்டப்பட்டது. அவர் இழுதுமீன் என்று நினைத்த பல, இழுதுமீன்கள் அல்ல என்பது இன்றைய முடிவு. தம் துறைத் தலைவர் டிக்கின்சன் பெயரால் அவர் குறித்த டிக்கின்சோனியாவோ, விலங்கா வேறெதுவுமா என்று நெடுநாள் வழக்கில் இருந்தது. 2018-இல் ரஷ்யாவின் வெண்கடற்கரைப் படிவங்களில் கொலஸ்டிராலின் எச்சம் கிடைத்தது, விலங்குதான் என்றார்கள்.