வேலி கிரீன் குடியிருப்பில் ஒரு ராக் கச்சேரி

ராக் இசை என்றதும் நம் தோழர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். 'அது வெள்ளைக்காரப் பணக்காரப் பசங்க கூத்து, நமக்கெதுக்கு'ன்னு கேட்பாங்க. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. மின்சார கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்விஸ் பிரெஸ்லி சிறுவனாக இருந்தபோதே மேடையை அதிரவைத்தவர் சிஸ்டர் ரோசட்டா தார்ப் என்கிற கறுப்பினப் பெண். 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1952இல் முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன், அவரும் கறுப்பினப் பெண். 1956இல் எல்விஸ் அதைப் பாடினார். உலகம் அவரை ராஜா என்றது. 1970களின் கடைசிக்கு வரும்போது, கறுப்பு இளைஞன் ஒருவன் ராக் வாசித்தால் வெள்ளையரும் வியந்தார்கள், சொந்தத் தெருக்காரர்களும் வியந்தார்கள். அவ்வளவு முழுமையாகக் களவு நடந்து முடிந்திருந்தது.

நான் எழுத வந்தது பேட் பிரெய்ன்ஸ் என்ற குழுவைப் பற்றி. சரியாகச் சொன்னால், அவர்கள் கச்சேரியை யாரால் பார்க்க முடிந்தது, எங்கே நின்று பார்த்தார்கள் என்பதைப் பற்றி.

ஊர் வாஷிங்டன். வெள்ளை மாளிகை இருக்கிற அந்த நகரத்தில் அப்போது பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல் எரிந்த கடைத்தெருக்களில் பல, பத்து வருடம் கழித்தும் அப்படியே கிடந்தன. அனகாஸ்டியா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகள். ஊரும் சேரியும் மாதிரிதான், நடுவில் ஓடையாக ஒரு ஆறு. நகரத்தின் தென்கிழக்கையும் அதையொட்டிய மேரிலாந்துப் புறநகரையும் சேர்ந்த நான்கு பேர் குழுவாகக் கூடினார்கள். பாடகர் எச்.ஆர்., அவர் தம்பி டிரம்ஸ் ஏர்ல் ஹட்சன், கிதார் டாக்டர் நோ, பேஸ் கிதார் டாரில் ஜெனிஃபர். முதலில் ஜாஸ் கலந்த இசை வாசித்தவர்கள், பிறகு பங்க் பக்கம் திரும்பினார்கள். வேகம்னா அப்படியொரு வேகம். ஒன்றரை நிமிடத்தில் ஒரு பாட்டு முடிந்துவிடும். நடுவில் திடீரென்று நிதானமான ரெகே வரும். எச்.ஆர். பாடிக்கொண்டே குட்டிக்கரணம் போடுவார்.

இங்கிலாந்தில் 1976இல் எரிக் கிளாப்டன் என்ற கிதார் மேதை, கறுப்பினத்தவரின் புளூஸ் இசையில் பெயர் சம்பாதித்தவர், பர்மிங்ஹாம் மேடையில் நின்று குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதற்கு எதிராகக் கிளம்பியதுதான் 'இனவெறிக்கு எதிராக ராக்' இயக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பெரும் ஊர்வலம், அதன் முடிவில் தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ் குழுக்களின் கச்சேரி. அந்தச் செய்தி கடல் தாண்டி வாஷிங்டனுக்கு வந்தது.

1979 செப்டம்பரில் பேட் பிரெய்ன்ஸ் அதே பெயரில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மன்றத்திலோ கல்லூரி அரங்கிலோ அல்ல. தென்கிழக்கில் இருந்த வேலி கிரீன் என்ற அரசுக் குடியிருப்பில். கேட்க வந்த வெள்ளை இளைஞர்கள் ஆற்றைத் தாண்டி அங்கே போக வேண்டியிருந்தது. குடியிருப்புப் பிள்ளைகள் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. சேரித் திடலில் நாடகம் போட்ட தோழர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். நகரத்து மன்றங்கள் இந்தக் குழுவுக்குக் கதவைச் சாத்தின. கூட்டம் கலவரம் செய்கிறது, பொருள் உடைகிறது என்று காரணம் சொல்லப்பட்டது. அவர்கள் நியூயார்க்குக்குப் போனார்கள். தங்களுக்குத் தலைநகரில் தடை என்பதையே ஒரு பாட்டாக்கினார்கள். 1982இல் முதல் ஆல்பம் வந்தது, இசைத்தட்டாக அல்ல, வெறும் கேசட்டாக.

அவர்களைப் பார்த்து வளர்ந்த வெள்ளைப் பையன்களில் ஒருவர் இயன் மெக்காய். பெரிய கம்பெனிகளை அண்டாமல் 1980இல் நண்பரோடு டிஸ்கார்ட் என்ற சொந்த வெளியீட்டகம் தொடங்கினார். பின்னாளில் 'இண்டி' என்று பேசப்பட்டதற்கு அது ஒரு வேர். 1987இல் தொடங்கிய அவருடைய ஃபுகாசி குழு, எந்த வயதுக்காரரும் வரலாம், டிக்கெட் ஐந்து டாலர்தான் என்று வைத்துக்கொண்டது. முன்வரிசையில் ஆம்பளைப் பசங்க முட்டிமோதி மற்றவர்களை நசுக்கினால் பாட்டை நிறுத்துவார்கள். அடங்காதவனிடம் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். எனக்கு இது மிகப் பிடித்த செய்தி. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதவைத் திறந்து வைத்தவருக்குக் கிடைத்த மரியாதை, கதவு சாத்தப்பட்டவர்களுக்கு அந்த ஊரில் அன்று கிடைக்கவில்லை.

பேட் பிரெய்ன்ஸைப் புனிதர்களாக்குவதும் தப்பு. 1982இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரில், தங்களை வரவேற்ற பிக் பாய்ஸ் குழுவின் பாடகர் தன்பால் விருப்பம் கொண்டவர் என்று தெரிந்ததும் அவரை இழிவுபடுத்தினார்கள். ஜெனிஃபர் பிற்பாடு அதற்கு வருத்தப்பட்டார். கதவடைப்பின் வலி தெரிந்தவர்களே இன்னொருத்தர் முகத்தில் கதவை அறைந்தார்கள். இதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது, விளம்பரமாகும்.

வேலி கிரீன் நாளைப் படமெடுத்தவர் லூசியன் பெர்கின்ஸ், அப்போது பயிற்சிப் புகைப்படக்காரர். படங்கள் 2013இல்தான் புத்தகமாக வந்தன. அவற்றில் எச்.ஆரைவிட என்னை இழுத்தது வேடிக்கை பார்க்கிற குடியிருப்புச் சிறுவர்கள்தான். அந்தக் குடியிருப்பு 1990களில் இடிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். வாசலுக்கே வந்த அந்தச் சத்தம் அன்று அவங்களுக்கு என்னவாகக் கேட்டதுன்னு யாராவது போய் விசாரித்து எழுதினால் தேவலை.