தன்னார்வக் குதிரைப்படையும் கொங்கு நாடும்: ஆயுத உரிமை நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

1904 இல் உருவாக்கப்பட்ட ‘சதர்ன் பிராவின்சஸ் மவுண்டட் ரைபிள்ஸ்’ என்னும் தென் மாகாணக் குதிரைத் துப்பாக்கிப்படை, சென்னை மாகாணத்து ஐரோப்பியரைக் கொண்ட தன்னார்வப் படையாகும். ஆனைமலை, நீலகிரித் தோட்டங்களை உள்ளடக்கிய கொங்கு வட்டாரப் பின்புலத்தில் அப்படையை வைத்து நோக்கும் இக்கட்டுரை, அதன் வரலாற்றைப் போர் வரலாறாகக் காட்டிலும் ஆயுதம் ஏந்தும் உரிமையின் வரலாறாகப் படிப்பதே பொருந்தும் என்று வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தன்னார்வப் படை, ஆயுதச் சட்டம், தோட்டத் துரைமார், ஆனைமலை, கொங்கு நாடு

குதிரையும் கொங்கும்

கொங்கு நாட்டின் பெருமை மாட்டினம் சார்ந்தது. காங்கேயம் காளையும் பழையகோட்டைப் பட்டக்காரரின் மந்தையும் பெற்ற புகழைக் குதிரை இங்கு ஒருபோதும் பெறவில்லை. ஆயினும் குதிரை அந்நியமாகவும் இருந்ததில்லை. அந்தியூர்க் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை இன்றும் நடைபெறுகிறது. திப்பு சுல்தான் தம் படைக்கு அங்கே குதிரை வாங்கினார் என்பது வழிவழிச் செய்தி. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 19 ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே கும்பினிப் படைக்கான குதிரைப் பண்ணை அமைந்தது.

1792 உடன்படிக்கையால் சேலமும் திண்டுக்கல்லும், 1799 இல் திப்புவின் வீழ்ச்சியால் கோயம்புத்தூரும் கும்பினியின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டே, 1800 ஜூன் 3 அன்று, கோவையில் நிலைகொண்டிருந்த கும்பினிப் படையைத் தாக்கப் பாளையக்காரர் கூட்டணி திட்டமிட்டது. அங்கே குதிரைப்படை நிறுத்தப்பட்டிருந்ததே கோவையைக் கிளர்ச்சியாளரின் முதல் இலக்காக்கிய காரணங்களுள் ஒன்று எனலாம். முயற்சி தோற்றது; 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801 இலும், தீரன் சின்னமலை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியிலும் தூக்கிலிடப்பட்டனர். உள்ளூர்த் தலைவர்கள் தம் குடிகளைப் படையாகத் திரட்டிய வழக்கம் அத்துடன் முடிவுற்றது. அடுத்து ஒரு ‘தன்னார்வப் படை’ இவ்வட்டாரத்தில் தோன்றியபோது, அதன் குதிரைகள்மீது அமர்ந்திருந்தோர் வேறு மக்கள்.

சட்டமும் நடைமுறையும்

1857 கிளர்ச்சியின் அச்சத்தில் பிறந்தவை இந்தியத் தன்னார்வப் படைகள். சென்னைத் தன்னார்வக் காவற்படை அவ்வாண்டிலேயே உருவானது. 1869 இன் 20 ஆம் சட்டம் இப்படைகளுக்கு நிலையான அமைப்பைத் தந்தது. ஐரோப்பியரும் யுரேசியரும், சிற்சில இடங்களில் இந்தியக் கிறித்தவரும் சேர்க்கப்பட்டனர். ஏனையோரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விலக்கின் பெரும்பகுதியை ஏற்பதும் மறுப்பதும் தம் விருப்பம் என்ற அதிகாரிகளின் நடைமுறையே செய்தது.

1878 இன் ஆயுதச் சட்டம் இதன் மறுபக்கம். உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க இந்தியருக்குத் தடை. ஐரோப்பியருக்கு விதிகளின் வழியே விலக்கு. கோவை மாவட்டத்துக் குடியானவர் பன்றியிடமிருந்து கம்பங்கொல்லையைக் காக்க ஒரு நாட்டுத் துப்பாக்கி வேண்டினால் உரிமத்துக்காக அலுவலகப் படியேற வேண்டும். தன்னார்வப் படையில் பெயர் பதிந்த தோட்டத் துரைக்கோ அரசே துப்பாக்கியும் பயிற்சியும் தந்தது.

இம்முரண் அன்றே உணரப்பட்டது. 1885 இல் ஆப்கானிய எல்லையில் ரஷ்யப் படையெடுப்பு அச்சம் எழுந்தபோது, தங்களையும் தன்னார்வப் படையில் சேர்க்குமாறு கற்ற இந்தியர் பல நகரங்களில் கோரினர். 1886 கல்கத்தா மாநாட்டில் இந்திய தேசிய காங்கிரஸ் இதனைத் தீர்மானமாக்கியது. 1887 இல் பத்ருத்தீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் மாநாடும் தன்னார்வப் படைச் சேர்க்கை, ஆயுதச் சட்டத் திருத்தம் ஆகிய இரண்டையும் வலியுறுத்தியது. பேரரசின் விசுவாசமான குடிகளாகத் தம்மைக் காட்டிக்கொண்டோர் முன்வைத்த கோரிக்கை இது. அதுவும் மறுக்கப்பட்டமை, இப்படைகள் எந்தப் பகைவரை எண்ணி வைக்கப்பட்டன என்பதைத் தெளிவாக்குகிறது.

போயர் போரின் பாடம்

குதிரைத் துப்பாக்கிப்படை என்ற வடிவம் தென்னாப்பிரிக்காவில் மதிப்புப் பெற்றது. 1899 டிசம்பரில் ஸ்டார்ம்பெர்க், மாகர்ஸ்பான்டெயின், கொலென்சோ ஆகிய மூன்று களங்களிலும் ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் படை தோற்றது. குதிரையில் விரைந்து வந்து, இறங்கி நின்று குறிபார்த்துச் சுட்டு, மீண்டும் ஏறி மறைந்த போயர் உழவரே அதற்குக் காரணம். வாளும் ஈட்டியும் ஏந்தும் மரபுக் குதிரைப்படையினின்றும் இவ்வடிவம் வேறுபட்டது. இங்கே குதிரை ஓர் ஊர்தி, ஆயுதம் துப்பாக்கி. நால்வருள் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொள்ள, மூவர் தரையில் நின்று சுடுவர்.

கல்கத்தாவில் திரட்டப்பட்ட ‘லம்ஸ்டென்ஸ் ஹார்ஸ்’ 1900 இல் தென்னாப்பிரிக்கா சென்றது. அசாம் தேயிலைத் தோட்டக்காரரும் பிகார் அவுரித் தோட்டக்காரரும் அதில் மிகுதி; மைசூர், குடகுத் தன்னார்வலரும் சேர்ந்திருந்தனர். அதே போரில், நேட்டாலில் காந்தியடிகள் அமைத்த இந்திய மருத்துவத் தூக்குப்படையில் ஏறத்தாழ 1,100 பேர் பணியாற்றினர். அவர்களுள் சுமார் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர். நேட்டால் ஒப்பந்தத் தொழிலாளருள் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தினர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து சென்ற தோட்டத் துரைமார் துப்பாக்கியுடன் குதிரை ஏறிய போர்க்களத்தில், தமிழ்க் கூலிகள் வெறுங்கையராய்க் காயமுற்றோரைத் தோளில் சுமந்தனர். அவர்களும் தன்னார்வலர்களே.

மலைத்தோட்டங்களும் 1904 உம்

போர் முடிந்த இரண்டாண்டுகளில் தென் மாகாணக் குதிரைத் துப்பாக்கிப்படை தோன்றியது. தலைமையிடம் சென்னை எனினும் அதன் உயிர்நாடி மலைகளில் இருந்தது. நீலகிரி 1868 வரை கோவை மாவட்டத்தின் பகுதி. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்திலிருந்தே அது ஐரோப்பியக் குடியிருப்பு. மலைக் காப்பி கோவைக்கு இறங்கியே பதப்படுத்தப்பட்டது. ஸ்டேன்ஸ் நிறுவனத்தின் வளர்ச்சி அதனைச் சார்ந்தது. 1890களில் கார்வர் மார்ஷ் போன்றோர் ஆனைமலைக் காடுகளை அழித்துத் தோட்டமாக்கத் தொடங்கினர்.

வால்பாறைப் பகுதிக்கு மோட்டார் வண்டி செல்லாத காலம் அது. அரிசி மூட்டைகளும் தளவாடங்களும் பொள்ளாச்சியிலிருந்து மலையடிவாரம் நோக்கி மாட்டு வண்டியில் சென்றன. தொழிலாளர் கங்காணிகளின் பின்னால் நடந்து ஏறினர். துரை குதிரையில் சென்றார். குதிரை, சவாரித் திறன், வேட்டைப் பழக்கத்தால் வந்த குறிபார்க்கும் திறன் மூன்றும் தோட்டக்காரரிடம் முன்பே இருந்தன. ஆகவே அரசுக்கு இப்படை மலிவானது. நியூ சவுத் வேல்ஸிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய ‘வேலர்’ இனக் குதிரைகள் அக்காலப் படைகளில் விரும்பப்பட்டன. அணிவகுப்பு, சுடும் போட்டி, ஆண்டு முகாம் ஆகியவற்றைச் சுற்றித் தொலைவான தோட்டங்களில் தனித்திருந்தோரின் சமூக வாழ்வும் அமைந்தது. சங்கம், வேட்டை, படை மூன்றிலும் காணப்பட்டவை பெரும்பாலும் அதே முகங்கள். இலங்கையில் 1900 இல் அமைந்த தோட்டக்காரர் துப்பாக்கிப்படையும் இவ்வகையினதே.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் போக்கு தோட்டக்காரர் நினைவுக் குறிப்புகளில் மிகுதி. அது ஏற்புடையதன்று. 1859 இன் 13 ஆம் சட்டப்படி, முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்குதல் குற்றவியல் தண்டனைக்குரியது. 1925 இல் நீக்கச் சட்டம் வரும்வரை அது நடப்பிலிருந்தது. 1903 இல் சென்னை அரசு தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்றையும் இயற்றியது. ஆண்டு இடைவெளியில் சட்டமும் படையும் ஒருங்கே வந்தமை திட்டமிட்ட செயல் என்று கூற முடியாது. ஆயினும், தப்பியோடும் கூலியைத் தேடிக் குதிரையில் சென்ற துரையும், முகாமில் அதே குதிரைமீது அணிவகுத்த படைவீரரும் பெரும்பாலும் ஒருவரே என்பதைத் தொழிலாளர் மறந்திருக்க இயலாது. பி. எச். டேனியல் 1969 இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல் ஆனைமலைத் தொழிலாளரின் அச்ச உலகைக் காட்டுகிறது. படைப்பிரிவுப் பட்டியல்களுடன் இத்தகைய எழுத்தையும் சேர்த்துப் படித்தாலன்றி இப்படையின் சமூகப் பொருள் விளங்காது.

இரு சட்டங்கள்

முதல் உலகப்போர் ‘தன்னார்வம்’ என்ற சொல்லையே பொருளற்றதாக்கியது. 1917 இன் இந்தியப் பாதுகாப்புப்படைச் சட்டம் 16 முதல் 50 வயது வரையுள்ள ஐரோப்பியப் பிரிட்டிஷ் குடிகளுக்குச் சேவையைக் கட்டாயமாக்கியது. தென் மாகாணக் குதிரைத் துப்பாக்கிப்படையும் அப்புதிய அமைப்பினுள் வந்தது. இந்தியருக்கெனத் தனிப் பிரிவு ஒன்றும் திறக்கப்பட்டது. முப்பதாண்டுக்கு முன் காங்கிரஸ் கேட்டது, ஆள் தேவைப்பட்டபோது அரைகுறையாகக் கிடைத்தது.

போருக்குப்பின் அரசு கதவை மூடவில்லை, இரண்டாக்கியது. 1920 இன் 48 ஆம் சட்டம் இந்தியருக்கான பிராந்தியப் படையையும், 49 ஆம் சட்டம் ஐரோப்பியருக்கான துணைப்படையையும் நிறுவின. அடுத்தடுத்த எண்களில் அமைந்த இவ்விரு சட்டங்கள் அக்கால ஆட்சிச் சிந்தனையை ஒரு நூலளவு தெளிவுடன் காட்டுகின்றன. துணைப்படையின் பணி உள்ளூர்ப் பாதுகாப்பு. குடியாட்சி அதிகாரிகளுக்குத் துணைநிற்பது. குதிரைத் துப்பாக்கிப்படை இத்துணைப்படையில் இடம்பெற்றது.

ஆனால் காலம் குதிரையைக் கடந்துவிட்டது. மோட்டார் வண்டிகள் மலையேறின. 1942 ஆகஸ்டில் போத்தனூர் அருகே இரயில் கவிழ்க்கப்பட்டதும் சூலூர் விமானத்தளம் எரிக்கப்பட்டதும், ஆனைமலைத் தோட்டங்களுக்குக் கீழே சமவெளியில், ஆலைத் தொழிலாளரும் உழவரும் வாழ்ந்த ஊர்களில். குதிரை வீரரை எண்ணி வகுக்கப்பட்ட பாதுகாப்புக் கணக்கில் அவ்வூர்கள் இருந்ததில்லை. 1947 இல் துணைப்படையுடன் இப்படையும் கலைக்கப்பட்டது.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1948 இல் பிராந்தியப் படைச் சட்டம் இன வேறுபாடின்றி இயற்றப்பட்டது. 1949 அக்டோபர் 9 அன்று அப்படையைத் தொடங்கிவைத்தவர் தலைமை ஆளுநர் இராஜாஜி; மத்திகிரிக் குதிரைப் பண்ணைக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். அப்படையின் மெட்ராஸ் பிரிவுகளுள் ஒன்றான 110 ஆம் காலாட்படைப் பிரிவு இன்று கோவையில் நிலைகொண்டுள்ளது.