நாள் கடத்துதலுக்கு யூதர் வைத்த கெடு

நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்தாமல் நாள் கடத்துவதை உபாகமம் 23ஆம் அதிகாரம் தடை செய்கிறது. எவ்வளவு தாமதித்தால் குற்றம் என்ற கேள்வியை, யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்மூத்தின் அறிஞர்கள் விவாதித்துக் கெடுவும் வைத்தார்கள்: பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை மூன்றும் கடந்துவிட்டால் நேர்ந்தவர் குற்றவாளி. கெடுவுக்குள் இருந்தாலும் முந்திச் செய்வதே மேல் என்றும் கருதினார்கள். ஆண் குழந்தைக்கான விருத்தசேதனத்தை எட்டாம் நாள் பகலில் எப்போது செய்தாலும் செல்லும். ஆனாலும் காலையிலேயே முடிப்பது வழக்கமாயிற்று. கடவுளின் கட்டளையை நிறைவேற்ற ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து புறப்பட்டதை இதற்குத் தால்மூத் சான்று காட்டுகிறது.

சடங்குக்குக் கெடு வைப்பது எளிது. குணத்தைத் திருத்துவதற்கு வைப்பது கடினம். படுவாவில் பிறந்த மோஷே ஹயீம் லுசாட்டோ, 1740இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'மெசிலத் யெஷாரீம்' நூலில் நான்கு அதிகாரங்களைச் சுறுசுறுப்புக்கே ஒதுக்கினார். மண்ணால் ஆன உடம்பு இயல்பிலேயே கனமானது, ஆகவே சோம்பலை எதிர்த்து ஓயாமல் முயல வேண்டும் என்பது அவர் வாதம். வெயில், குளிர், நோய் வந்துவிடுமோ என்ற பயம் என்று சோம்பேறி அடுக்கும் சாக்குகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆர்வம் பிறக்கட்டும் என்று காத்திருக்காமல் உடம்பை முதலில் விரைந்து இயக்கினால், உள்ளம் பின்னால் வரும் என்றார். நூலிலேயே மிகக் கூர்மையான இடம் இதுதான்.

இந்த முயற்சியை அன்றாடப் பழக்கமாக்கும் கருவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பொதோலியாவின் சதானோவில் பிறந்த மெனாஹெம் மெண்டெல் லெஃபின், 1808இல் 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்' என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் கையாண்ட முறையே அதன் அடிப்படை. ஒழுங்கு, உறுதியான முடிவு, சுறுசுறுப்பு உள்ளிட்ட 13 குணங்களில் வாரத்துக்கு ஒன்றை எடுத்து, அன்றன்று தவறியதை ஏட்டில் குறிக்க வேண்டும். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. மனம் வருந்தியதோடு நின்றுவிட ஏடு விடாது. அடுத்த வாரம் அடுத்த குணம் வந்து நிற்கும்.

லெஃபின் ஐரோப்பிய அறிவொளியின் ஆதரவாளர், ஹசீதியர் என்ற யூதப் பக்தி இயக்கத்தாரின் எதிரி. அவருடைய நூலைப் பழமைப் பற்றுள்ள லிதுவேனியர் கையில் எடுத்ததுதான் வேடிக்கை. 1840களில் வில்னாவில் முசார் என்ற ஒழுக்கப் பயிற்சி இயக்கத்தைத் தொடங்கிய ரபி இஸ்ராயேல் சாலண்டர், இதையும் லுசாட்டோவின் நூலையும் மறுபதிப்பாகக் கொண்டுவரச் செய்தார். சட்டம் தெரிந்திருந்தும் மனிதர் அசைவதில்லை என்பது அவருடைய கவலை. அறிஞர்களை மட்டும் அவர் மனத்தில் வைக்கவில்லை. வியாபாரிகளும் குடும்பஸ்தர்களும் குறித்த நேரத்தில் வந்து, ஒழுக்க நூலை ராகம் போட்டு, உரக்க, உணர்ச்சியோடு படிக்கத் தனி வீடு வேண்டும் என்றார். அவர் வழிவந்தவர்கள் கெல்ம், ஸ்லபோட்கா ஊர்களின் யெஷிவா என்ற சமயக் கல்விக்கூடங்களில் இதைப் பாடவேளையாக்கினார்கள். தால்மூத் படிப்புக்கான நேரம் இதனால் பறிபோகிறது என்று 1897இல் லிதுவேனிய ரபிகள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள்.

1923இல் வியன்னாவில் நடந்த அகுதத் இஸ்ராயேல் என்ற பழமைப் பற்றுள்ள யூத அமைப்பின் மாநாட்டில், படிப்பை நாள் கடத்தாமல் இருக்க ரபி மெயர் ஷபிரோ வேறொரு வழி சொன்னார்: உலகெங்கும் உள்ள யூதர் தால்மூத்தில் நாளுக்கு ஒரே தாளைப் படிப்பது. மொத்தம் 2,711 தாள்; ஏறத்தாழ ஏழரை ஆண்டு. இங்கே கெடுவைக் காப்பது தனிமனிதரின் ஏடல்ல, ஊரார் அனைவரும் அன்று அதே தாளில் இருப்பதே. முதல் சுற்று 1931இல் முடிந்தது. 14ஆம் சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது. ஒருநாள் விட்டவர் மறுநாள் இரண்டு தாள் படித்தால்தான் மற்றவர்களோடு சேர முடியும்.