படைக்கலக் கொட்டிலும் மனச்சான்றும்

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், மயில்தோகை சூட்டி மெருகு குலையாமல் காக்கப்பட்ட அவனுடைய வேல்களைப் புகழ்வதுபோலப் பழித்ததைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டால் அறிவோம். அவர் ஏளனம் பயன்படாத வேலின்மேற் சென்றது. அடக்கி ஆண்டோரின் துப்பாக்கியைச் சேகரிக்கலாமா என்னும் நம் வினாவோ, பயன்பட்டுவிட்ட கருவியைப் பற்றியது.

தென்னகத்தில் ஆதிக்கம் முதலில் செய்தது படைக்கலம் பறித்தலே. மருதிருவர் தூக்கிலேற்றப்பட்டபின், 1801 டிசம்பரில் சென்னை அரசு பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்து படைக்கலங்களைக் களையவும் ஆணையிட்டது. நம் கொங்கின் தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது; ஐரோப்பியருக்கு விலக்களித்தது. பறித்தவை எங்கே போயின? 1799இல் சீரங்கப்பட்டணத்தில் கொள்ளையிட்ட திப்புவின் புலிப்பொறி இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருடையதெனப்படும் வாளொன்று 2023இல் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று.

இனி, பறித்தோரின் கருவிகள். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் 1650 குண்டுகளைக் கக்கியவை .303 ரைபிள்கள். அவ்வகை ரைபிள்களை இன்று உலகெங்கும் ஆர்வலர் தேடி வாங்குகின்றனர். நாஜி முத்திரை பொறித்த லூகர் கைத்துப்பாக்கிக்கு முத்திரையாலேயே விலை கூடுகிறது. இங்கேதான் அறம் இடறுகிறது. கருவியின் நுட்பத்தைப் போற்றுவது ஒன்று. கொடுமையின் அடையாளத்துக்கே விலை கொடுப்பது வேறொன்று.

ஆகவே எல்லாவற்றையும் உருக்கிவிடலாம் எனின், அதுவும் முறையன்று. சான்றுப்பொருள் அழிந்தால் குற்றத்தை மறுப்போருக்கு அது வசதியாகும். வைத்திருக்கலாம், ஆனால் எவர் செய்தது, எந்த ஆண்டினது என்பதோடு, எவர்மீது சுடப்பட்டது என்பதும் அதன் அருகே எழுதப்பட வேண்டும். அதை எழுத விரும்பாத சேகரிப்பாளர் வரலாற்றைக் காப்பவர் அல்லர்.

நம் சூலூருக்கும் இதில் பங்குண்டு. 1942 ஆகஸ்ட் 26 அன்று, இங்கே ஆங்கில அரசு அமைத்துவந்த விமானத்தளத்துக்கு விடுதலை வீரர்கள் தீயிட்டனர். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. பலர் சிறை புகுந்தனர். அந்தச் சாம்பலை எந்த ஏலக்கூடமும் விலை கூற இயலாது. எதிரியின் கருவி கண்ணாடிப் பேழையில் பெயரோடு கிடக்க, அதனை எதிர்த்தோர் பெயரின்றிப் போவது தகுமோ? ஊர் முதியோரின் நினைவிலும் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் தாள்களிலும் எஞ்சியவற்றைத் திரட்டி எழுதுதல் நம் வட்டத்துக் கவிஞர்களும் அன்பர்களும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.