கைதட்டலும் கைவிலங்கும்

ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவர முனைவோர் ஓரிடத்தில் தவறாமல் தடுக்கி நிற்பர். எதிராளியின் மனத்தைத் தன்பால் திருப்பும் ஒரு வாதத்தைக் குறிக்க அம்மொழியில் அடைமொழிகள் பல உள்ளன: பர்சுவேசிவ், கன்வின்சிங், கம்பெல்லிங், கோஜென்ட், பிளாசிபிள். நாம் பெரும்பாலும் இவை ஐந்தையும் 'வலுவான வாதம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அகராதியோ ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் காட்டி நம்மை வட்டமடிக்க வைக்கிறது. இச்சொற்கள் வந்த வழியைச் சற்றே பின்தொடர்ந்தால் இவை உறவினர்கூட அல்ல என்பது புலப்படும்.

'பர்சுவேட்' என்பதன் அடியில் இருக்கும் இலத்தீன் வினை 'சுவாதேரே'. இனிமையைக் குறிக்கும் 'சுவாவிஸ்' என்ற சொல்லோடு அது ஒரே வேரிலிருந்து கிளைத்தது. ஆங்கிலத்தின் 'ஸ்வீட்', வடமொழியின் 'ஸ்வாது' ஆகியவையும் அவ்வேரின் கிளைகளே. (நம் 'சுவை' உடனே நினைவுக்கு வரும். ஒலியொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு உறவு கொண்டாடுவது ஆபத்து என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுவோம்.) ஆக, பர்சுவேசிவ் வாதம் என்பது கேட்பவனுக்கு இனிக்கச் செய்து அவனை இணங்கவைக்கும் வாதம். கிரேக்கர் இந்த ஆற்றலைப் 'பெய்தோ' என்ற பெண் தெய்வமாகவே வைத்து வணங்கினர்.

'கன்வின்ஸ்' இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 'வின்செரே' என்றால் வெல்லுதல். 'கன்வின்செரே' என்றால் எதிராளியை முற்றாக வென்று, அவன் தவறை அல்லது குற்றத்தை மெய்ப்பித்தல். குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவரைக் குறிக்கும் 'கன்விக்ட்' இதன் உடன்பிறப்பு. இந்த உறவு ஆங்கிலத்திலேயே நெடுங்காலம் வெளிப்படையாக இருந்தது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் விவிலியத்தில், யோவான் எட்டாம் அதிகாரத்தில், தன்மேல் பாவத்தை நிரூபிக்க யாரால் முடியும் என்று இயேசு கேட்குமிடத்தில் இருக்கும் வினை 'கன்வின்ஸ்'தான். 1881இல் திருத்திய பதிப்பை வெளியிட்டவர்கள் அதை எடுத்துவிட்டு 'கன்விக்ட்' என்று வைத்தார்கள். இடைப்பட்ட 270 ஆண்டுகளில் பழைய சொல் அவ்வளவு மென்மையாகிவிட்டிருந்தது. மேக்பெத் நாடகத்தில் சீமாட்டி, அரசனின் காவலர் இருவரை மதுவால் வீழ்த்திவிடுவதாகச் சொல்லும்போதும் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறாள். அங்கே வாதமும் இல்லை, மனமாற்றமும் இல்லை. மயங்கி விழுதல் மட்டுமே.

'கம்பெல்', 'கோஜென்ட்' இரண்டும் மேய்ச்சல் நிலத்துச் சொற்கள். 'கம்பெல்லேரே', 'கோகேரே' ஆகிய இரு இலத்தீன் வினைகளும் மந்தையை ஓரிடத்துக்கு ஓட்டிச் சேர்ப்பதற்கு வழங்கியவை. பிறகே கட்டாயப்படுத்துதல் என்ற பொருள் முன்னுக்கு வந்தது. சிந்தித்தலைக் குறிக்கும் 'கோகிடோ'வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுசேர்ப்பதே சிந்தனை என்று புனித அகஸ்டின் தம் 'ஒப்புதல்கள்' நூலில் இவ்விரு சொற்களையும் சேர்த்துவைத்துப் பேசுகிறார். இன்றைய வழக்கில் கோஜென்ட் என்னும்போது வாதத்தின் கோவையும் செறிவும் கண்முன் நிற்கின்றன. கம்பெல்லிங் என்னும்போது கேட்பவனுக்கு வேறு வழியில்லை என்பது. நமக்கு இது நுட்பமான வேறுபாடு மட்டுமன்று, பயனுள்ளதும்கூட.

எல்லாவற்றிலும் சுவையானது 'பிளாசிபிள்' பட்ட பாடு. 'பிளாதேரே' என்றால் கைதட்டுதல். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பிளாசிபிள் என்றால் கைதட்டத் தகுந்தது, பாராட்டுக்குரியது என்று பொருள். (பிடிக்காத நடிகனைக் கைதட்டியும் கூச்சலிட்டும் மேடையை விட்டு விரட்டுவதே 'எக்ஸ்ப்ளோட்' என்பதன் பழம்பொருள். வெடிகுண்டு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.) ஆனால் கைதட்டல் பெறுவதெல்லாம் மெய்யா என்ற ஐயம் சொல்லுக்குள் மெல்லப் புகுந்தது. மேலோட்டமாகக் கவர்வது, மெய்போல் தோன்றுவது எனப் பொருள் சரிந்தது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் இந்த ஐயம் நன்றாகவே தெரிகிறது. 'ஸ்பீசியஸ்' இன்னும் பாவம். அழகியது என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் வந்த அச்சொல், இன்று வெளியே பூசிமெழுகி உள்ளே பொய்யான வாதத்துக்கு மட்டுமே வழங்குகிறது. அழகையும் கைதட்டலையும் மொழி இப்படித் தண்டித்தது எவ்வகை நீதி என்று நமக்குப் புரியவில்லை. உதைத்து ஓட்டிய சொற்களுக்கு அல்லவா மரியாதை கூடியிருக்கிறது!

இவற்றை வரிசைப்படுத்தி எல்லை வகுக்கும் ஆசை பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஜிரார் 1718இல் காட்டிய வழியைப் பின்பற்றி, ஜான் டிரஸ்லர் 1766இல் ஒருபொருட் பன்மொழிகளின் வேற்றுமையை ஆங்கிலத்துக்கு எழுதினார். 1794இல் ஹெஸ்டர் பியோட்ஸி, 1816இல் ஜார்ஜ் கிராப் என்று அது தொடர்ந்தது. 1852இல் ரோஜே தம் பெயர்பெற்ற சொற்களஞ்சியத்தில் சொற்களைக் குவித்துவைத்ததோடு நிறுத்திக்கொண்டார். வேற்றுமை சொல்வது தம் வேலையன்று என்று ஒதுங்கிவிட்டார். இன்று கணினியில் ஒரு சொல்லைத் தட்டி மாற்றுச்சொல் தேடுவோரின் குழப்பத்தில் அவருக்கும் சிறு பங்குண்டு என்பது நம் எண்ணம்.

தெளிவாகக் கோடு கிழித்தவர் எடின்பரோவில் சொல்லணிக்கலை பயிற்றுவித்த ஹியூ பிளேர். 1783இல் அச்சேறிய விரிவுரைகளில் அவர் வகுத்த பாகுபாடு எளியது: கன்விக்ஷன் அறிவைச் சேர்ந்தது, பர்சுவேஷன் விருப்பத்தையும் செயலையும் சேர்ந்தது. மெய்யை ஏற்கச் செய்வது தத்துவவாதியின் வேலை; ஏற்றதன்படி நடக்கச் செய்வது பேச்சாளனின் வேலை. புகை பிடித்தல் தீது என்று அறிவால் ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த நொடி பெட்டிக்கடைக்குப் போகிறவரை நாம் அறிவோம். அவர் 'கன்வின்ஸ்' ஆனவர், 'பர்சுவேட்' ஆகாதவர். ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் ஒருவரை ஒன்றைச் செய்யும்படி 'கன்வின்ஸ்' பண்ணினேன் என்று எழுதக்கூடாதென நெடுநாள் கண்டித்ததும் இந்தப் பாகுபாட்டை ஒட்டியே. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க வழக்கு அந்தக் கண்டிப்பைப் பொருட்படுத்தவில்லை.

பேச்சுவழக்கு கரைத்துவிட்ட கோடுகளைச் சட்டம் மட்டும் காத்துவைத்திருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றைக் கேரள உயர்நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினால் அது 'பர்சுவேசிவ்'. அதாவது கேட்கலாம், மதிக்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. உச்சநீதிமன்றம் அறிவித்த சட்டமோ, அரசமைப்பின் 141ஆம் பிரிவின்படி கட்டுப்படுத்துவது. அமெரிக்காவில் 1979இல், மனநோயாளி ஒருவரை விருப்பமின்றி மருத்துவமனையில் வைக்க எத்தகைய சான்று வேண்டும் என்ற வழக்கில், 'தெளிவான, கன்வின்சிங்' சான்று தேவை என்று உச்சநீதிமன்றம் சொன்னது. வழக்கமான உரிமையியல் வழக்குக்கு வேண்டியதைவிட மேலே, ஐயத்துக்கிடமற்ற நிரூபணத்துக்குக் கீழே நிற்கும் படி அது. அதே நீதிமன்றம் 2007இலும் 2009இலும், ஒரு வழக்கு தொடக்கத்திலேயே தள்ளுபடி ஆகாதிருக்க அதன் குற்றச்சாட்டு 'பிளாசிபிள்' ஆக இருந்தால் போதும் என்றது. அது வாசற்படி மட்டுமே.

இந்த வாசற்படியை மாளிகையாகக் கண்டால் என்ன நேரும் என்பதை 2024இல் உலகம் பார்த்தது. இஸ்ரேலுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில், பன்னாட்டு நீதிமன்றம் சனவரி 26 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. தென்னாப்பிரிக்கா பாதுகாப்புக் கோரும் உரிமைகளுள் சிலவேனும் 'பிளாசிபிள்' என்று அதில் இருந்தது. இனப்படுகொலை நடப்பது 'பிளாசிபிள்' என நீதிமன்றம் கண்டதாகவே ஊடகங்கள் பலவும் அதைச் சொல்லின. ஆணை பிறந்தபோது தலைமை வகித்த ஜோன் டோனஹ்யூ, பதவிக்காலம் முடிந்தபின், ஏப்ரலில் பிபிசி நேர்காணலில் இதை மறுத்தார். இனப்படுகொலையிலிருந்து காக்கப்படும் உரிமை பாலஸ்தீனியருக்கு உண்டு என்பதும், அதைக் கோரி வழக்காடும் உரிமை தென்னாப்பிரிக்காவுக்கு உண்டு என்பதுமே அச்சொல்லின் பொருள். அவ்வுரிமைக்கு ஈடுசெய்ய முடியாத கேடு நேரும் அபாயத்தையும் நீதிமன்றம் வலியுறுத்தியது என்றார். உரிமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உண்மைநிலையை முழுதும் ஒதுக்கிவைக்க முடியுமா என்று சட்ட அறிஞர் சிலர் இன்னமும் வாதிடுகின்றனர். எத்தனையோ உயிர்களைப் பற்றிய ஓர் ஆணையின் பொருள், கைதட்டலிலிருந்து வந்த ஒரு சொல்லின் மேல் நின்றது.

அந்த வாக்கியத்தைத் தமிழில் எப்படி எழுதுவது? 'நம்பத்தகுந்த' என்றால் நீதிமன்றம் நம்பிவிட்டது என்றாகும். 'சாத்தியமான' என்றால் உரிமை என்ற சொல்லோடு ஒட்டாது. நம் ஊர் நீதிமன்றச் செய்திகளில் நாள்தோறும் புழங்கும் 'முகாந்திரம்' அருகில் வருகிறது. ஆனால் 'முகாந்திரம் உள்ளது' என்று மட்டும் எழுதினால் வாசகர் மனம் நேரே குற்றத்துக்குத் தாவிவிடும். 'கோரப்படும் உரிமைகளுள் சிலவற்றுக்கேனும் முகாந்திரம் உண்டு' என்று, எதற்கு முகாந்திரம் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது. தலைப்புச் செய்திக்கு அது நீளம்தான்.